பாலவாக்கத்தில் பிடித்த சுருதி

மயிலாப்பூர் மாதா கோயில் திருவிழாவில் பாட, பாலவாக்கம் பாட்டுக் குழுவை என் மெட்டடார் வேனில் ஏற்றிப் போனேன். ஒத்திகை முடித்த கையோடு ஏறியவர்கள், சுருதிப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டார்கள். திருவான்மியூரில்தான் தெரிந்தது; திரும்பிப் போக நேரமில்லை.

"சுருதி ஏறிச்சுன்னா மேல எட்டாது, மானம் போயிடும்" என்றார் மாஸ்டர்.

என் பக்கத்து சீட்டில் குழுவில் பாடும் அக்கா ஒருவர், மீன் விற்பவர். கறுத்த, மெலிந்த முகம். கண்ணை மூடி, 'ம்ம்' என்று ஒத்திகையில் கேட்ட அந்தச் சுருதியைப் பிடித்தார். பிறகு விடவேயில்லை.

"யக்கா, வாய்ல வண்டு பூந்துச்சா?" என்றார்கள் பின்னால். அவர் திரும்பவில்லை. நான் ஹாரன் அடிக்காமல் ஓட்டினேன். அடையாற்றுப் பாலம், வெயில், தண்ணீர் எல்லாம் அந்த 'ம்ம்'மில் மிதந்து போயின.

கோயிலில் அதை வைத்தே பாடினார்கள். முடிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"அதே சுருதிதானே தம்பி? நீதான் கூடவே கேட்டுக்கினு வந்தே."

"அதேதான்க்கா."

எனக்கென்ன தெரியும்? அந்த முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வரவில்லை.