உயரத்துக்கு அலைந்த கதை

பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளனுக்கு முதலில் கெட்டுப்போவது கழுத்து. எதிரே வருபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலையுச்சியைப் பார்த்துவிடுவான். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் தலைமைப் பயிற்சியாளர். 'தலைமை' என்று அறைக்கதவில் எழுதியிருக்கிறது, எனக்குக் கீழே யாரும் கிடையாது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் மைதானத்தைத் தாங்களே கூட்டும் சக ஜீவன்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

அட்மிஷன் வாசல்

அட்மிஷன் நாட்களில் நான் கல்லூரி வாசலிலேயே நின்றுவிடுவேன். வாலிபால்காரர் கொத்திக்கொண்டு போவதற்குள் உயரமான பெண்களைப் பிடித்தாக வேண்டும். அவர் என் நண்பர்தான். அந்த வாரம் மட்டும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அப்படி ஒரு நாள் ஆட்டோவிலிருந்து நல்ல உயரமாக ஒருத்தி குனிந்து இறங்கினாள். "ஏம்மா, எந்த டிபார்ட்மென்ட்?" என்றேன். "மேத்ஸ் சார்." "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கிட்டு கிரவுண்டுக்கு வந்துடு. வயித்துவலி, மாமா கல்யாணம்னு கதை சொல்லக் கூடாது." தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் சொன்ன நேரத்துக்குப் புது ஷூவோடு வந்து நின்றாள். எங்கள் கேப்டன் பர்வீன் கணக்குப் படிப்பவள். அவள் பந்தைக் கீழே போட்டுவிட்டு "குட் மார்னிங் மேடம்" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. தென்காசியிலிருந்து கணக்குத் துறைக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியை சுமதியைத்தான் நான் மிரட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க ஓடினேன். அவரோ குனிந்து லேஸை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஒன்பதரைக்கு மட்டும் விட்டுருங்க சார், செகண்ட் இயருக்கு நான்தான் கிளாஸ் எடுக்கணும்."

பந்தைத் திருப்பிக் கொடுத்தவள்

அந்த வருஷம் உண்மையிலேயே மாணவியாகச் சிக்கியவள் கோகிலா. மேனாம்பேட்டுப் பெண், பி.காம். சுமதி மேடத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம். ஆனால் பார்த்தால் தெரியாது. தெருப் பையன்கள் வைத்த பட்டப்பெயர்களைக் கேட்டுக் கேட்டுத் தோளை மடக்கிக் கூனியே நடந்து பழகியிருந்தாள். பந்து போடக் கற்றுக்கொடுக்கும் முன்னால் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதில் பாதி வேலையைச் சுமதி மேடம் பார்த்தார். காலையில் கூடவே ஓடி வந்து, அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

முதல் ஆட்டம் ஆவடியில். எதிரணிப் பெண் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தாள். கோகிலா கையைத் தூக்கித் தடுத்து அப்படியே பிடித்துவிட்டாள். நான் துள்ளிக் குதித்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? "சாரிக்கா" என்று சொல்லி, பந்தை அந்தப் பெண்ணிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கியவள் சும்மா இருப்பாளா, கூடையில் போட்டுவிட்டாள். தலையில் கையை வைத்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பாவம் சார், அந்த அக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து தட்டிக்கினே வந்துச்சு."

கரையான்சாவடி ஷூ

கோகிலாவின் காலுக்கு அம்பத்தூரில் ஷூ கிடைக்கவில்லை. கரையான்சாவடி வரை போய்ப் பார்த்தோம். கடைக்காரர் மேலே கீழே தேடிவிட்டு, ஆம்பளைகள் ஷூ ஒன்றை எடுத்து வைத்தார். அவள் முகம் விழுந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தார் போல. கறுப்பு லேஸை உருவிவிட்டு ரோஸ் கலர் லேஸைக் கோத்து நீட்டினார். "இந்தா பாப்பா, இப்ப இது லேடீஸ் ஷூ. நீ கோல் போடு, லேஸ் நம்ம கணக்கு."

கூட யார் வருவது

எங்கள் அணி முதல்முறையாகக் கோயம்புத்தூர்ப் போட்டிக்குத் தேர்வானது. பர்வீனுக்கு அது கடைசி வருஷம், இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. ஆனால் ஆண் பயிற்சியாளர் மாணவிகளைத் தனியாக வெளியூர் அழைத்துப் போக முடியாது. ஓர் ஆசிரியை கூட வர வேண்டும். வழக்கமாக வரும் மேடத்துக்குக் காலில் கட்டு. மற்றவர்களுக்கு வீட்டில் ஆயிரம் வேலை. சுமதி மேடத்திடம் நான் கேட்டு முடிப்பதற்குள் "வர்றேன் சார்" என்றார். சரி, பிழைத்தோம் என்று பார்த்தால், கோகிலாவின் அப்பா ஏழுமலை முடியாது என்றுவிட்டார். அவள் இல்லாமல் போவதும் சும்மா இருப்பதும் ஒன்றுதான்.

நானும் சுமதி மேடமும் மேனாம்பேட்டுக்குப் போனோம். ஏழுமலை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "உங்கள தப்பா சொல்லல சார். வயசுப் பொண்ணு, ரெண்டு நைட்டு ஊடு தங்காதுன்றீங்க. நாலு பேர் நாலு விதமா பேசுவான்" என்றார். சுமதி மேடம்தான் பேசினார்: "அண்ணாச்சி, எங்க ஊர்ல என் உயரத்தைக் கேலி பண்ணாத ஆளில்ல. ஆட வான்னு மட்டும் ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. இந்த சார்தான் முதல்ல கூப்பிட்டாங்க, அதுவும் ஆள் தெரியாம. அதனாலதான் ஷூ வாங்கிட்டுப் போனேன். உங்க பொண்ணு என் பக்கத்துலதான் படுத்துக்கிடும்."

அந்த முதல் நாள் காலையில் மேடம் ஏன் வந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆள் தெரியாமல் உளறியதற்கு இப்படி ஒரு துணை கிடைத்தது என் கொடுப்பினை. ஏழுமலை, வாசற்படியில் நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது கூனாம நடக்கறதே இப்பதான் பாக்கறேன் டீச்சர். இட்டுகினு போங்க. செயிக்கலன்னாலும் பரவால்ல, பழையபடி கூனிக்கினு வராம பாத்துக்கங்க."

கோயம்புத்தூர்

கடைசி ஆட்டம். கடைசி விநாடிகள். ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். எதிரணிப் பெண் எல்லாரையும் தாண்டி வந்து பந்தை எறிந்தாள். கோகிலா முழு உயரத்துக்கும் நிமிர்ந்து எழும்பித் தடுத்துப் பிடித்தாள். "சாரிக்கா" என்று அவள் உதடு அசைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் சுமதி மேடம் முந்தானையை முறுக்கிக்கொண்டு "குடுத்துராத, குடுத்துராத" என்று முணுமுணுத்தார்.

அவள் கொடுக்கவில்லை. பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. பர்வீன் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான், சொல்வதற்கென்ன வெட்கம். கோகிலா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். எதிரே அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோகிலா அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இப்ப குடுக்கலாமா சார்?"

இப்போதும் அட்மிஷன் நாட்களில் வாசலில்தான் நிற்கிறேன், ஒரே வித்தியாசம், "நீங்க ஸ்டூடண்டா, ஸ்டாஃபா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, என்ன பதில் வந்தாலும் காலை ஆறு மணிக்கு ஷூவோடு வரச் சொல்லிவிடுகிறேன்.