இரவல் வாசல்

தீபாவளியன்று பொழுது சாயும்போது அந்த அம்மா எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலுக்கு வந்தார். மண்சரிவில் வீட்டை இழந்து, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் தங்கியிருப்பவர்களில் ஒருவர். விரல்களில் கொழுந்துக் கறை. கைபேசித் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"விளக்கு வச்சிருக்கீங்க. இங்க நின்னு மககிட்ட பேசிக்கட்டுங்களா? குவைத்துல வீட்டு வேலைக்கு இருக்கா. லயம் போனது தெரியாது. தெரிஞ்சா பாதியில வந்துருவா. வந்து எங்கங்க இருப்பா? எல்லா லயத்து வாசலும் ஒண்ணு மாதிரிதானே."

தலையாட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மகள் திரையில் வந்தாள். "வாசல் அழகா இருக்கும்மா. இங்கயும் மேடம் பலகாரம் குடுத்தாங்க. ஒரே கொண்டாட்டம்." குரலைத் தாழ்த்தியே பேசினாள். பின்னால் வெள்ளைச் சுவரும் தண்ணீர்க் குழாயும் தெரிந்தன. "உள்ள போயி அப்பா படத்தக் காட்டுங்க."

"உள்ள கரண்ட் இல்லடி."

எங்கள் வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

பேசி முடித்ததும் அந்த அம்மா சொன்னார்: "பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னு பேசுறா. நான் அங்க வேலைக்கு இருந்தப்பவும் அப்பிடித்தான். இதே பலகாரக் கதையத்தான் சொன்னேன்."

படியிறங்கும்போது திரும்பிக் கேட்டார். "அடுத்த தீபாவளிக்கும் இந்த வாசல் இருக்குங்களா?"

எங்கள் லயத்துக்குப் பின்னாலும் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது.

"இருக்கும், வாங்க" என்றேன்.

அவர் அண்ணாந்து மலையைப் பார்த்துவிட்டுப் போனார். நம்பினாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.