கண்டிராக்டர் பைலில் இருந்ததும் நான் சொன்னதும்

முனிசிபல் ஆபீசில் கட்டடப் பிளான்களை வைத்திருக்கும் பிளான் ரூமில் கிளார்க் வேலை என்பது, அடுத்தவன் கட்டிய சுவரின் யோக்கியதையைத் தூசி தட்டி எடுத்துக் காட்டுவது. ஆபீஸ் காகிதத்தோடு மாரடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஈப்போவில் நான் பார்த்த வேலை அதுதான். வீடு கட்டுமுன் ஜனங்கள் வந்து கண்டிராக்டரின் பெயரைச் சொல்வார்கள். கட்டடம் கட்ட அவன் இதுவரை எடுத்த பெர்மிட்டெல்லாம் இருக்கும் பைலைப் பார்த்து, ஆள் எப்படி என்று நான் சொல்ல வேண்டும்.

செட்டியார் படித்த விதம்

குண்டு விழுந்து கடையின் முன்பக்கம் போன செட்டியார் ஒருவர் வந்தார். அவர் சொன்ன கண்டிராக்டருக்கு ஏழு பெர்மிட். "பெரிய ஆளுங்க!" என்று பைலை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றிலும் கடைசித் தாளை மட்டும் புரட்டினார். வேலை முடிந்தபின் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் போடும் கையெழுத்து இரண்டில்தான் இருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பைலை மூடி என் பக்கம் தள்ளினார்.

"ஆரம்பிக்க எவனும் ஆரம்பிப்பான் தம்பி. முடிச்சானான்னு பாருங்க."

துரைசாமி விசாரித்த நலம்

துரைசாமி என்ற கண்டிராக்டருக்கு மூன்று பெர்மிட். ஒன்றில்கூட முடிவுக் கையெழுத்து இல்லை. மூன்றாவதில், 'சிமெண்டு போதாது, சுவர் நிற்காது, இடித்துவிட்டுக் கட்டவும்' என்று பழைய இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் இந்த ஆளுக்கு யோகம் அடித்தது. பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கட்டாயமாக ஆள் பிடித்தபோது, எஸ்டேட்டிலும் டவுனிலும் யாரைப் பிடிக்கலாம் என்று பெயர் எழுதிக் கொடுத்ததும் அவன்தான். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

ஒரு நாள் அவனே பிளான் ரூமுக்கு வந்து என் மேசை மேல் உட்கார்ந்தான். யாராவது தன்னைப் பற்றி விசாரித்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டான். அதட்டவில்லை, மிரட்டவில்லை, படுபாவி. சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துப் பார்த்தான்.

"ரொம்ப ஒல்லியா இருக்கீங்க லா தம்பி. சயாம் வெயிலு உங்களுக்கு ஒத்துக்காது."

செசிலி வந்த அன்று

டவுனில் தையல் தைத்துப் பிழைத்த செசிலியின் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் அவளும் எட்டு வயது மகளும்தான். குண்டில் அடுக்களைச் சுவர் போய், தார்ப்பாயைக் கட்டி வைத்திருந்தாள். சிமெண்டு கண்ணில் காணக் கிடைக்காத காலம். துரைசாமியிடம் இருந்தது. தையல் மெஷினைக் கொடுத்தால் சுவர் எழுப்பித் தருவதாகச் சொல்லியிருந்தான்.

"அவரு வாரதுக்குள்ள கட்டிப்புடணும். பிளான் ரூம்ல கேக்காம யாருக்கும் வேலை கொடுக்காதன்னு அவருதான் சொல்லுவாரு. இந்த ஆளு எப்படிண்ணே?"

உள்ளே போனேன். பைலை எடுத்தேன். மூன்றாவது பெர்மிட்டின் கடைசித் தாளை முழுக்கப் படித்தேன். ஆபீசில் அப்போது வேறு ஈ காக்கா இல்லை. அவள் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே வந்து, "ஒரு குறையும் இல்லம்மா" என்றேன். என் நாக்கு அழுகிப் போக! அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"போதும்ண்ணே. நீங்க சொன்னா நான் தைரியமா கொடுக்கிறேன்."

விசாரணை

சுவர் இரண்டு மாதம் நின்றது. மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், பட்டப்பகலில் விழுந்தது. மகள் அடுப்படியில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாளாம். செசிலி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அக்கம்பக்கத்தார் செங்கல்லைப் புரட்டிப் பிள்ளையை எடுத்தபோது உயிர் இல்லை.

விசாரணைக்காக ஆபீசுக்கு வந்தாள். அவளிடம் வாக்குமூலம் எழுத உட்கார வைத்தது என்னைத்தான். அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அன்றைக்கு நான் உள்ளே போய்ப் பைலைப் பார்த்தேனா என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன் என்று தலையாட்டினேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"பாக்கலன்னு சொல்லிருங்கண்ணே. ஒரு தடவ சொல்லிருங்க."

ஜப்பான்காரன் போய், துரைசாமியும் செத்துப்போய், இப்போது எந்தக் கண்டிராக்டரைப் பற்றி யார் கேட்டாலும் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். ஆபத்து போன பிறகு உண்மை பேசுவதில் என்னை மிஞ்ச ஈப்போவில் ஆள் கிடையாது.