ஜெபிச்சுச் சொல்றேன்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் "ஜெபிச்சுச் சொல்றேன் அக்கா". முகத்துக்கு நேரே வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர். யார் எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து வருகிற முதல் பதில் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்கிறாயா என்றாலும் ஜெபிச்சுச் சொல்றேன், செருப்பு பிய்ந்துபோயிற்றே, புதுசு வாங்கக்கூடாதா என்றாலும் ஜெபிச்சுச் சொல்றேன். "அதுக்குள்ள கால் தேஞ்சிடும்க்கா" என்று சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டவள் அவள். பெண் கேட்டு வந்த மனுஷன் தங்கமானவர், காத்திருந்தார். "பரவாயில்ல, ஆண்டவர் பதில் சொல்லட்டும். ஆனா என் தலை நரைக்கறதுக்கு முன்னாடி சொன்னா நல்லது" என்று மட்டும் ஒருமுறை சொல்லி அனுப்பினார். இருபத்தோரு வருஷம் நல்லபடியாக வாழ்ந்துவிட்டு, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். இப்போது அக்காவும், பஸ் கண்டக்டராக வேலை பார்க்கும் அவள் தங்கையும் இரண்டு அறை வீட்டில் ஒன்றாக இருக்கிறார்கள். தங்கைக்கு எதையும் யோசித்துப் பேசிப் பழக்கமில்லை. நாக்கில் சனி என்பார்களே, அது சனி ஞாயிறு இரண்டும் லீவு இல்லாமல் வேலை செய்யும் நாக்கு.

அக்கா பிறக்கும்போதே இப்படியில்லை. பத்தொன்பது வயதில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். "இப்பவே ஆபரேஷன் பண்ணலாம், இல்லன்னா ஒரு வாரம் பார்க்கலாம். ரெண்டுலயும் ஆபத்து இருக்கு" என்றார் டாக்டர். அம்மா நடுங்கிப்போய் மூத்த மகள் முகத்தைப் பார்த்தாள். "பண்ணிடுங்க டாக்டர்" என்று அவள் பட்டென்று சொன்னாள். அப்பா ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்து வரவில்லை. அதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் யாரிடமும் பேசவில்லை. அன்றிலிருந்து எந்த முடிவையும் தன் கையால் எடுப்பதில்லை என்று மட்டும் ஆகிவிட்டது. மேலே இருப்பவர் எடுக்கட்டும், தான் பின்னால் நடந்துகொள்ளலாம்.

சலவைக்கூடத்தில் ரோலர் என்று ஒரு பெரிய இஸ்திரி இயந்திரம் உண்டு. கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்பை இருவர் இரண்டு முனையைப் பிடித்துக் கொடுத்தால், மறுபக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும். கை உள்ளே போய்விடாதபடி உருளைக்கு முன்னால் நீளமாக ஒரு தடுப்புத் தகடு. விரல் பட்டாலே இயந்திரம் நின்றுவிடும். அதுதான் தொல்லை. விரிப்பு கொஞ்சம் சுருண்டு தகட்டில் இடித்தாலும் நின்றுவிடும்.

அந்த வாரம் காய்ச்சல் சீசன், எல்லா வார்டும் நிரம்பி வழிந்தது. அழுக்குத் துணி மலையாகக் குவிந்தது. வார்டு வார்டாக நர்ஸ்கள் போன் போட்டுத் திட்டினார்கள். சூப்பர்வைசர் பொறுமை இழந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். தகட்டைக் கழற்றி, "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று நான்கு திருகாணிகளை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, இது பரவாயில்லையா?"

"ரெண்டே ரெண்டு நாள்தான் அக்கா. கூட்டம் குறைஞ்சதும் மாட்டிடலாம்."

அவள் திருகாணிகளை அலமாரியில் இருந்த பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, கூட வேலை பார்க்கும் சிட்டுவின் வலது கை ரோலருக்குள் போனது. குட்டையாக, துருதுருவென்று, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். விரிப்பின் எதிர்முனையைப் பிடித்திருந்தது அக்காதான். அலறல் கேட்டதும் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் அவள்தான். விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இரண்டு விரல் மடங்காது, உள்ளங்கைத் தோல் முழுக்க வெந்துபோய்விட்டது என்றார்கள்.

மறுநாள் அறிக்கை வந்தது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று சிட்டுவே தகட்டைக் கழற்றிவிட்டாள், விபத்துக்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவு, வேலைநீக்கத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து.

அதை அக்கா இரண்டு முறை படித்தாள். சூப்பர்வைசர் அவளுக்கு அந்நியர் இல்லை. ஒரே சபை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர், கணீரென்ற குரல். அவள் புருஷன் படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் அவளைக் கேட்காமலேயே காலை ஷிப்டாகப் போட்டுக்கொடுத்தார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆறு பேரில் ஒருவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள், இவருக்கு எதிராக எப்படி வாய் திறப்பாள்?

நிர்வாக அதிகாரியம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். பலர் அன்று வேறு ஷிப்ட். மற்றவர்கள் பார்க்கவில்லை என்றார்கள்.

"நீங்கதானே எதிர்ல நின்னீங்க. தகட்டை யார் கழட்டினாங்க?"

"ஜெபிச்சு... இல்லம்மா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்."

அதிகாரியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? சரி. வியாழக்கிழமை விசாரணை. அதுக்குள்ள யோசிச்சுடுங்க."

அடுத்த நாட்களில் அக்கா முழங்கால் தேய ஜெபித்தாள். ஆண்டவரே, ஒரு அடையாளம் காட்டும் என்றாள். காலையில் முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பேசுவது, கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொள்வது என்று வைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. ஒன்றுக்கு மூன்றாக இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்த பிறகு, அன்று ஏதோ பள்ளிக்கூட விடுமுறை, அதனால்தான் கூட்டமில்லை, இதை அடையாளமாக எடுத்துக்கொள்ளலாமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போதகர் என்ன பேசுகிறாரோ அதுவே பதில் என்றாள். போதகர் பொறுமையைப் பற்றிப் பேசினார். பொறுமை என்றால் சும்மா இரு என்று அர்த்தமா, துணிந்து பேசிவிட்டு வருவதைத் தாங்கிக்கொள் என்று அர்த்தமா? அது இன்னும் குழப்பம். முன்வரிசையில் சூப்பர்வைசர் பாடினார். அவர் குரல் அன்று ஒரு இடத்தில் தடுக்கியதை அவள் கவனித்தாள்.

திங்கட்கிழமை மாலை சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கண்ணில் வழிந்தது வெங்காயத்தாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

"நாலு நாளா கேக்கறேன்டி. கர்த்தர் ஒண்ணுமே காட்ட மாட்டேங்கறார்."

தங்கை கண்டக்டர் பையைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, அவர் ஏற்கனவே காட்டிட்டாரே! தகட்டைக் கழட்டறதை உன் ரெண்டு கண்ணால பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"திருகாணியை உன் கையிலயே குடுத்தாங்களா இல்லையா?"

"குடுத்தாங்க."

"இதுக்கு மேல என்ன காட்டணும்? வானத்துலருந்து லெட்டர் போடணுமா? போட்டாலும் நீ கையெழுத்து சரியான்னு பாப்ப." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எது சரின்னு உனக்குத் தெரியாமலா இருக்கு? தெரியும். அப்புறம் என்ன ஆகுமோன்னுதான் பயம். அதைப் போய் ஜெபம்னு சொல்லாத."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கோபத்தில் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனாள். இருவரும் அன்று தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மதிய இடைவேளையில் மூன்றாவது மாடி வார்டுக்குப் போனாள். சிட்டு கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குக் கீழே கிடந்த விரிப்பின் ஓரத்தில் நீல நூல் தையல். சிட்டுவே போன மாதம் கிழிசல் தைத்தது. அக்கா உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாங்கி வாயில் போடாமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஒருவேளை நான்தான் கழட்டினேனாக்கா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வீட்டுக்காரர்கூட, 'அவசரக்குடுக்கை, நீ செஞ்சிருப்ப'ங்கறார். யோசிச்சு யோசிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஸ்பேனரைப் பிடிச்ச மாதிரிகூட ஞாபகம் வருது."

ஸ்பேனர் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடச் சிட்டுவுக்குத் தெரியாது. தான் வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்தப் பெண்ணிடமிருந்து கையின் பலம் மட்டும் போகவில்லை, தன்மேல் இருந்த நம்பிக்கையும் போய்க்கொண்டிருந்தது. முடிவெடுக்காமல் இருந்தால் யாருக்கும் கெடுதல் வராது என்று எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்!

"நீ கழட்டல" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீ தொடவே இல்ல. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

சிட்டு சுளையைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், இடைவேளை முடிந்து மணி அடித்தது காதில் விழவில்லை.

அன்று வேலை முடிந்ததும் சூப்பர்வைசரின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்ல மனசு ஒப்பவில்லை. முதலில் அவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, நாளன்னிக்கு விசாரணையில நான் உள்ளதைச் சொல்லப்போறேன். வேற யார் மூலமாவும் உங்களுக்குத் தெரியக்கூடாது. அதான் வந்தேன்."

செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் காட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்கக்கா" என்றார். பிறகு, "நீங்க எதையும் ஜெபிக்காம செய்ய மாட்டீங்களே. இன்னும் கொஞ்சம் ஜெபிச்சு முடிவு பண்ணுங்களேன்."

"ஜெபிச்சுட்டேன் தம்பி. பதில் முன்னாடியே வந்துடுச்சு. நான்தான் காது கேக்காத மாதிரி இருந்தேன்." அவளுக்கு அழுகை வந்தது. "என் வீட்டுக்காரருக்குத் தோள் குடுத்தவர் நீங்க. அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா அதுக்குப் பதிலா சிட்டுவைக் குடுக்க முடியாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை, நீள மேஜை போட்ட அறை. அக்கா பவுடர் டப்பாவைத் திறந்து நான்கு திருகாணிகளையும் மேஜைமேல் வைத்தாள். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துவிட்டுச் சொன்னாள், யார் கழற்றினார், எந்த நாள், என்ன நேரம் என்று. "வாங்கி வெச்சுக்கிட்டது நான். தப்புன்னு தெரிஞ்சும் அஞ்சு நாள் அந்த மெஷின்ல வேலை செஞ்சேன். எழுதறதுன்னா என்னையும் சேத்து எழுதிக்கோங்க."

அதிகாரியம்மா சூப்பர்வைசரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மறுத்துவிடுவார் என்றே அக்கா நினைத்தாள். ஒரு வார்த்தைக்கு எதிராக இன்னொரு வார்த்தை, அவ்வளவுதான்.

"அக்கா சொல்றது உண்மை" என்றார் அவர். தலை நிமிரவில்லை. "நான்தான் கழட்டினேன். வேகம் பத்தலன்னு மேலருந்து நெருக்கினாங்க. இருந்தாலும் கழட்டினது என் கை. அந்தப் பொண்ணு பேரை எழுதினதும் என் கைதான்." சொல்லி முடித்ததும் பல நாள் பாரத்தை இறக்கிவைத்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார்.

அவருக்குப் பதவி போனது, வேலை போகவில்லை. மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. தங்கை அதை வாங்கிப் படித்துவிட்டு, "கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமாக்கா?" என்றாள். திங்கட்கிழமைச் சண்டைக்குப் பின் அவள் பேசிய முதல் வார்த்தை அது. இருவரும் சிரித்துத் தீர்த்தார்கள்.

எல்லாமே சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சூப்பர்வைசரின் மனைவி சபையில் அக்காவைக் கண்டால் இப்போதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவர் ஆறு வாரம் பாடகர் குழுவுக்கே வரவில்லை. அந்த வாரங்களில் அக்கா பழையபடி தன்னையே குடைந்துகொண்டாள். ஒருநாள் தங்கையிடம் அப்பாவின் ஆபரேஷனைப் பற்றி முதல்முறையாகப் பேசினாள். தங்கை வழக்கம்போல் பட்டென்று எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "அன்னிக்கு அப்பா பிழைக்கணும்னுதானேக்கா சொன்ன" என்றாள். அந்த வாரம் வேலையில் அவள் தோளைப் பார்த்தவர்கள், ஏதோ சுமையை இறக்கிவைத்த தோள் என்றார்கள்.

நான்காம் மாதம் சிட்டு வேலைக்குத் திரும்பினாள். ரோலரில் இல்லை, வார்டுகளுக்குத் துணி கொடுக்கும் ஜன்னலில். முதல் நாள் அவளைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துவந்து வாசலில் விட்டுப் போனது மருந்துக் கிடங்கு வண்டி. ஓட்டி வந்த பழைய சூப்பர்வைசர் இறங்கவில்லை. கூடத்துக்குள் இருந்த அக்காவை ஒரு கணம் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். அக்காவும் அசைத்தாள்.

சிட்டு இடது கையால் எழுதிப் பழகியிருந்தாள். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அதற்குள் ஐந்தாறு பேர் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்று முணுமுணுத்தார்கள்.

"ஏங்க, இப்படி இடிச்சா எப்படி? ஒருத்தர் ஒருத்தரா வாங்க! குழந்தைங்க வார்டு யாரு? நீங்களா? இருபது விரிப்பு, பத்து தலையணை உறை. எண்ணிப் பாத்து எடுத்துக்கோங்க, அப்புறம் குறையுதுன்னு வந்தா நான் இங்க இருக்க மாட்டேன், டீ குடிக்கப் போயிருப்பேன்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அக்கா சூடான விரிப்புகளை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்தாள்.