வேதகிரி உள்ளே வரவில்லை

"ஒண்ணு கேக்கணும்மா..."

"முதல்ல வாடகையைப் போடுங்க சிட்டம்மா. அப்புறம் கேளுங்க."

"இது வேறம்மா. இப்பவே கேக்கணும். வாசல்ல வண்டி வந்து நின்னுக்கினு கீது..."

"நான் ஆபீஸ்ல இருக்கேன். வாடகையைத் தவிர வேற எந்தப் பேச்சும் என்கிட்ட வேணாம்."

ஜெயப்பிரியா போனை வைத்துவிட்டாள். மறுமுனையில் ஏதோ இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டைக் காலி பண்ணத்தான் வண்டி வந்திருக்கிறது போல, வாடகைக்குத் தவணை கேட்கிறாள் போல என்று நினைத்தாள்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதை ஜெயப்பிரியா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்வாள். ஒரு சொல் கூடாது, குறையாது. ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

அவள் இருப்பது புனேயில். உத்திரமேரூரில், சாலவாக்கம் போகிற சாலையை ஒட்டிய தெருவில், அப்பா புருஷோத்தமன் அவளுக்கு விட்டுப்போன வீடு. கல்குவாரியில் லாரி ஓட்டும் வேதகிரிக்கும் அவர் மனைவி சிட்டம்மாளுக்கும் வாடகைக்கு விட்டிருந்தாள். சாவி கொடுத்த அன்று ஒருமுறை பார்த்ததுதான். பிள்ளை குட்டி இல்லை, அமைதியான மனிதர்கள். இரண்டு வருடம் கேட்காமலே பணம் வந்தது.

ஆடி மாதம் நின்றது. வேதகிரியின் போன் அணைந்தே கிடந்தது. சிட்டம்மாள் அந்த ஒரு முறைதான் கூப்பிட்டாள். அதன் பிறகு ஜெயப்பிரியா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பதில் இல்லை.

இதற்கிடையில் வீட்டுக்கு விலை பேசி முடிந்தது. புனே ஃபிளாட்டின் கடனில் தவணைகள் தவறி, வங்கியிலிருந்து வீட்டுக்கே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். உத்திரமேரூர் வீடு கைமாறினால்தான் குடியிருக்கும் ஃபிளாட் மிஞ்சும். வாங்குகிறவர் போட்டது ஒரே நிபந்தனை. குறித்த நாள் காலை அவர் வந்து பார்க்கும்போது வீட்டில் யாரும் இருக்கக் கூடாது.

அதற்கு முந்தின நாள், கார்த்திகை மாதத்து மழையில் அவள் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தபோது மாலை மணி ஆறு இருபது. கைப்பையில் புதுப் பூட்டு ஒன்று இருந்தது.

தெருவில் மின்சாரம் இல்லை.

கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார்.

வேதகிரிதான். தும்பைப்பூ மாதிரி வெள்ளை வேட்டி, மடிப்புக்கூடக் கலையாமல். முகத்தைச் சுற்றித் தாடையோடு சேர்த்து உச்சியில் முடிந்த ஒரு துணி. பல்வலியாக இருக்கும் என்று நினைத்தாள்.

"ஏன் வெளியில நிக்கிறீங்க? உங்ககிட்டதான் பேச வந்தேன்."

அவர் தலை குனிந்தே இருந்தது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள். வெட்கப்படட்டும். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் வருவார் என்று எதிர்பார்த்தாள்.

வரவில்லை.

சிட்டம்மாள் மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். உள்ளே கூடம் காலியாக இருந்தது. பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டி, பாயைச் சுருட்டி, மூலையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. அந்த மூட்டைகளின் மேல் தூசி படிந்திருந்தது.

அவை இன்று கட்டியவை அல்ல.

சிட்டம்மாள் சண்டை போடவில்லை, அழவில்லை. வீட்டு வேலைக்குப் போய்க் கொஞ்சம் சேர்த்திருப்பதாகவும், பாக்கியை மெல்ல மெல்ல அடைத்துவிடுவதாகவும் சொன்னாள். புள்ளலூரில் தம்பி சாம்சன் வீட்டில் இடம் இருக்கிறதாம். எப்போது வேண்டுமானாலும் போகலாமாம்.

"அப்புறம் ஏன் போகல?"

"அவர வுட்டுட்டு எப்பிடிம்மா போறது?"

ஜெயப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. கேட்டுக்கிட்டதானே நிக்கிறாரு?"

சிட்டம்மாள் மெழுகுவத்தியை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீ பாத்தியா?"

"பாக்காம என்ன?"

"உன் கண்ணுக்கும் தெரியிறாரா..." என்றாள் சிட்டம்மாள். அவள் குரலில் பயம் இல்லை. நிம்மதி இருந்தது. ஜெயப்பிரியாவுக்கு முதன்முதலாக உடம்பு சிலிர்த்தது அப்போதுதான்.

இது ஏதோ நாடகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசிவிடுவது என்று விறுவிறுவென வெளியே வந்தாள். மழை வலுத்திருந்தது. செல்போன் வெளிச்சத்தைக் கேட்டின் மேல் அடித்தாள்.

அதே இடம். அதே குனிந்த தலை.

வேட்டி நனையவில்லை.

வெளிச்சம் கீழே இறங்கியது. தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. அவர் நின்ற இடம் மட்டும் காய்ந்து, மண் வெளுத்துக் கிடந்தது. இரண்டு கால் கட்டைவிரல்களும் ஒரு வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள்...

"பிரியாவா அது? மழையில தனியா நின்னு இன்னா பண்ணிக்கினு கீறே?"

எதிர் மளிகைக்கடை ஜாஹிரா. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். குடையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். நேராகக் கேட்டுக்கு வந்து, அவர் பக்கத்தில் நின்றாள்.

தோளோடு தோளாக.

அவளுக்கு அவர் தெரியவில்லை.

"அந்தப் பொம்பளைய தொரத்த வந்தியா? பாவம்டி. ஆடியில இன்னா கஷ்டம் பட்டுச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே போனாள். குவாரியில் லாரி கவிழ்ந்ததாம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து வேதகிரி போய்ச் சேர்ந்தாராம். ஆம்புலன்ஸ் இந்த வாசல்வரை வந்ததாம். இன்ஜினைக்கூட அணைக்கவில்லையாம். "வூட்டுக்காரங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு எறக்குறேன்னு போனப் போட்டுச்சு. யாரோ கட் பண்ணிட்டாங்களாம். கேட்டுக்கு வெளியவே ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி, புதுத் துணி கட்டி, அப்பிடியே சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டாங்க. செத்தவர வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு உங்கூட்டு கண்டிஷனாமே?"

ஆமாம். கண்டிஷன்தான். அந்த ஊரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் சொல்வது. சுவரில் ஆணி அடிக்காதீர்கள் என்பதோடு சேர்த்து அப்பா சொல்வார். சாவி கொடுத்த அன்று அவளும் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜாஹிரா குடையைச் சாய்த்தாள். வழிந்த தண்ணீர் அவர் தோளில் விழவேண்டும்.

விழவில்லை. சத்தமே இல்லாமல் எங்கோ போயிற்று.

"உள்ள போடி, நனையாத" என்று சொல்லிவிட்டு ஜாஹிரா திரும்பிப் போய்விட்டாள். கடையின் ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் அவள்.

அந்தப் பக்கம் அவர்.

குனிந்திருந்த தலை மெல்ல... மெல்ல... நிமிர்ந்தது. கண்கள் மூடியிருந்தன. மூடிய கண்களோடு அவள் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை. கதவு திறக்கும்வரை காத்திருப்பவரின் முகம்.

ஓடவேண்டும் என்று தோன்றியது. எங்கே ஓடுவது? தெருவுக்குப் போக அவரைத் தாண்டவேண்டும்.

பின்னால் ஈரத்தில் காலடிச் சத்தம். சிட்டம்மாள்.

அவள் ஜெயப்பிரியாவின் கையைப் பிடித்தாள். சூடான, உயிருள்ள கை. அதில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

"உன்னக் குத்தம் சொல்லல. ஒத்துக்கினுதான வந்தோம். அவரும் ஒத்துக்கினாரு. அதான் இத்தினி மாசமா ஒரு அடி உள்ள வெக்கல. நான் கூப்ட்டாலும் வரல. வூடு என்னுது இல்லியே."

கேட்டின் கம்பி லேசாக அதிர்ந்தது.

"விடிஞ்சா ரெண்டு பேரும் போயிடறோம். சாவியக் குடுத்துடறேன். அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அவர நடுவூட்டுல படுக்க வெச்சி, தலமாட்டுல வெளக்கேத்தி, நான் அழணும்மா. இன்னும் அழவே இல்ல..."

மழை சட்டென்று நின்றது.

"உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. அவர உள்ள வரச் சொல்லும்மா."