கை பேசக்கூடாத வீடு

என் மகளுக்குக் காது கேளாது என்று தெரியவந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அன்றிலிருந்து பயம்தான் என் சீவியம். பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பயம், கிணற்றுக்குப் பயம், நான் செத்துப்போனால் இவள் தன் பசியை யாரிடம் சொல்லுவாள் என்று பயம். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த சனமெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, என் தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

நானும் அவளும் கையால் கதைத்தோம். யாரும் பழக்கவில்லை, தானாக வந்தது. கன்னத்தில் கை வைத்தால் நித்திரை, மீசையை முறுக்கினால் அப்பா. அவளுடைய அப்பாவுக்கு இருந்தது எலிவால் மீசைதான். அவள் முறுக்குகிற முறுக்கைப் பார்த்தால் ஏதோ சண்டியன் வீட்டுக்கு வருகிறான் என்று தோன்றும்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் சாமான் ஏற்றும்போது பாரந்தூக்கி ஓட்டுபவனுக்குக் கையைக் காட்டி, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று சொல்லுகிற ஆள். கையால் பிழைக்கிறவர், மகளின் கைப்பேச்சைக் கண்டு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு அதுதான் பெரிய பயம். ஒருநாள் ஓட்டுபவன் கொஞ்சம் முகத்தைத் திருப்பியதில், நிறுத்தச் சொல்லி இவர் காட்டிய கை அவனுக்குத் தெரியாமல் போய், கீழே நின்ற ஒருவரின் கால் நசுங்கியிருந்தது.

"திரும்பிப் பாராதவனுக்குக் கையால என்னத்தைச் சொல்ல ஏலும்? இவளுக்குப் பேச்சு வரவேணும்," என்றார்.

அதனால்தான் உப்புவெளியில் இருந்த ஒரு டீச்சரைத் தேடிப் பிடித்தோம். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிறவர், நல்ல மனுசி. பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, வாய்க்கு நேரே ஒரு கடதாசித் துண்டைப் பிடிப்பார். 'ப' சரியாக வந்தால் கடதாசி ஆடும். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வீட்டில் ஒருவரும் கையால் கதைக்கக்கூடாது, கை சுகம் கண்டால் நாக்கு சோம்பிவிடும் என்றார். பிள்ளை கையைத் தூக்கினால் அதைத் தொடைக்குக் கீழே வைக்கப் பழக்கச் சொன்னார். பழக்கினோம். சொல் வந்தால் ஒரு கற்கண்டு. சில மாதங்களில் அம்மா, அப்பா, பால், பூ, மாமா எல்லாம் வந்துவிட்டன. அவளின் அப்பா கண் கலங்கினார், நானும்தான்.

ஒரு பின்னேரம் அவள் வேலியோரம், வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தியெடுத்துக்கொண்டு கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நாடியைப் பிடித்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை என்னத்தைத் திண்டது? தெரிஞ்சால்தான் ஏதும் செய்யலாம். சிலதுக்கு வயித்தைக் கழுவவேணும், சிலதுக்குக் கழுவினால் மோசம்."

எனக்குத் தெரியாது. குசினியில் எலிமருந்து இருந்தது, அலுமாரியில் குளிசை இருந்தது, கக்கூசுக்கு ஊற்றும் அசிட் இருந்தது, வேலியில் விஷக்காய் காய்க்கும் அலரி நின்றது. அவளுடைய முகத்தைப் பிடித்து, என்ன தின்றாய், என்ன தின்றாய் என்று வாயை விரித்து விரித்துக் கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "அம்மா. அப்பா. பால். பூ. மாமா," என்றாள்.

நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், பிழையாகச் சொல்லிவிட்டோமாக்கும் என்று நினைத்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அந்த நேரம் அவளின் அப்பா வேலை உடுப்போடு வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அவளின் கைகளை வெளியே இழுத்தார். அவள் திரும்ப உள்ளே வைத்தாள். மறுபடியும் இழுத்தார். பிறகு அவள் முன்னால் முழங்காலில் நின்று, தின்பதுபோலக் காட்டி, என்ன என்று கைகளை விரித்தார். அவள் மெல்ல ஒரு கையைத் தூக்கினாள். உயரத்தில் எதையோ பறித்தாள், நிலத்தில் வைத்துக் கல்லால் குத்தினாள், உள்ளே இருந்ததை எடுத்து வாயில் போட்டாள்.

"அலரிக்காய்," என்றார் டாக்டர். உடனே குழாயை எடுத்தார்.

பிழைத்துவிட்டாள். இனி இவள் கையால் கதைக்கட்டும், சொல் வந்தால் அதுவும் வரட்டும் என்று ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே முடிவெடுத்தோம். அதனால் பயம் போய்விடவில்லை. கைப்பேச்சு விளங்காத சனத்துக்குள் இவளை எப்படி அனுப்புவது என்ற பயம் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டது.

அடுத்த நாள் காலையில் கண் திறந்தாள். தண்ணீர் வேண்டும் என்று காட்டக் கையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தி, நான் கோபிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பயந்து பயந்து சீவிப்பது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.