மூன்றாவது தட்டு

செல்வராணி இறந்த செய்தி வந்தபோது, மண்டபம் ஊரில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில், ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை வளர்க்கும் தட்டுகளில் சூடான அகர் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் உறைந்துவிடும். “அக்கா காலையிலயே போயிருச்சு சார், மாரடைப்பு” என்று அவருடைய தம்பி போன் ஸ்பீக்கரில் அழுதுகொண்டிருக்க, இருபது தட்டையும் ஊற்றி முடித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் அவர் உப்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஈஸ்ட்டுக்குத் தீனி கலக்கிக் கொடுத்த ராணியக்கா. நானோ ஒரு வருடம் அவரை என் வாழ்க்கையைக் கெடுத்தவராகவே நினைத்திருந்தேன்.

கடல்பாசியில் உள்ள கேலக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க ஈஸ்ட்டுக்கு எந்த மரபணு வேண்டும் என்று நான்கு வருடம் தேடினேன். அதைச் செரிக்க முடியாத ஈஸ்ட்டுக்குள் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி, கேலக்டோஸ் மட்டும் உள்ள தட்டில் விடுவோம். எது வளர்கிறதோ அதில் இருப்பதுதான் நான் தேடியது. மூன்றாவது தட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மறுநாள் மதுரைக் கருத்தரங்கில் அறிவிக்க வேண்டும். என் வேலை நீடிப்பதே அதை நம்பித்தான் இருந்தது.

அன்று மாலை ராணி வந்து நின்றார். “சார், மூணாவது தட்டுக்கு மட்டும் குளுக்கோஸ் கலக்குன குடுவைய அலசாம ஊத்திட்டேன். உங்க ஈஸ்ட்டு அதத் தின்னு வளந்திருந்தா?”

“நாளைக்கு நான் பேசணும். இன்னைக்கு வந்து சொல்றீங்களே!”

“அதான் சார் இன்னைக்கே சொல்றேன்.”

வராந்தா வரை கேட்கும்படி கத்தினேன். அவர் புதுக் குடுவையைக் கழுவத் தொடங்கினார். மதுரைக்கு வரவில்லை என்று போன் செய்தேன். அதே ஈஸ்ட்டைப் புதிதாக ஊற்றிய தட்டில் விட்டு மூன்று நாள் காத்திருந்தோம். தினமும் காலையில் இருவரும் தட்டை வைத்திருந்த வளர்ப்புப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். மூன்றாம் நாளும் அந்தப் புதிய தட்டு வெறுமையாகவே இருந்தது.

“வரல சார்” என்றார். அவருக்குத்தான் குரல் உடைந்தது.

உண்மையான மரபணு ஒரு வருடம் கழித்து வேறொரு தட்டில் கிடைத்தது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரியில் அவருக்கு நன்றி போட்டேன். கத்தியதற்கு மன்னிப்பு கேட்கவேயில்லை. அது என்னை அறுக்கிறது.

அவருடைய கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. அவர் இறந்த அன்று தம்பியின் போனை வைத்த பிறகு, அகர் கலக்குவதற்கு முன் குடுவையை அலசினேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. இருபது தட்டையும் கொட்டிவிட்டு, குடுவையைக் கழுவினேன்.